தெளிவும் தூய்மையும்: பூந்தமல்லி வட்டாரத்துக் குடிநீரை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

பூந்தமல்லி என இக்காலத்து வழங்கும் பூவிருந்தவல்லி, சென்னை மாநகர்க்கு மேற்கே அமைந்த பழைய ஊர். வைணவ மரபினர் இதனைத் திருக்கச்சி நம்பிகள் தோன்றிய ஊராகப் போற்றுவர். 19ஆம் நூற்றாண்டில் இஃது ஐரோப்பியப் படைவீரர் நோய் நீங்கி உடல் தேறுதற்குரிய படைத்தங்கலாகவும் விளங்கியது. இன்று அரசின் பொதுச் சுகாதார நிறுவனம் இவ்வூரில் இயங்குகின்றது. ஊர்க்கு அணித்தாகச் செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கின்றது. அடையாற்றுக்கு நீர் தரும் அவ்வேரி, 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. நெடுங்காலம் வயலுக்குப் பாய்ந்த அதன் நீர் இன்று சென்னை மக்களின் குடிநீராகவும் உள்ளது.

ஏரி நீர் குடிநீராவது எங்ஙனம்? இவ்வினாவிற்குப் பொறியியலார் விடை கூறுவர், மருத்துவரும் கூறுவர். தமிழ் ஆராய்வார் கூறத்தக்கதும் ஒன்று உண்டு. நீரின் நன்மையைக் குறிக்க நம் மொழியில் வழங்கும் சொற்கள் தெளிவு, தூய்மை, தீட்டின்மை, கிருமியின்மை எனப் பலவாகும். இவை ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அறிவு நிலையில் எழுந்தவை. இவற்றை ஒன்றெனக் கொண்டு மயங்குதலால் நூற்பொருள் பிறழ்வதோடு அமையாது, உயிர்க்கேடும் நேர்கின்றது. ஆதலின் இச்சொற்களின் பின்னே நிற்கும் வரலாற்றை, நோய்க்கிருமி நீக்கம் என்னும் செய்தியை நடுவாகக் கொண்டு, ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

1. தெளிவு

தமிழர் நீர்நிலைகளை அவற்றின் பயன் நோக்கிப் பெயரிட்டு வேறுபடுத்தினர். ஊரார் உண்ணும் நீரையுடையது ஊருணி. திருக்குறள் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் ஊருணியைப் பேரறிவாளன் செல்வத்திற்கு உவமை ஆக்குகின்றது. உண்ணும் நீர்க்குத் தனிப் பெயரும் தனி நிலையும் இருந்தமை இதனால் புலனாகும். பயன் பலவற்றுக்கும் உரிய ஒரே நிலையில் உண்ணும் நீரையும் கொள்ளுதல் நன்றன்று என்னும் உணர்வு இப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

நீர்நிலையைக் காக்கும் நெறியும் இருந்தது. எச்சில் உமிழ்தலும் மலசலம் கழித்தலும் கூடாத இடங்கள் பத்தினை ஆசாரக்கோவை தொகுத்துரைக்கின்றது. அவற்றுள் தீர்த்தமும் ஒன்று. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் பேசப்படுகின்றது. ஆயின் ஏரி வாரியத்தின் தொழில் கரையும் மதகும் தூரும் பற்றியதேயன்றி, உண்ணும் நீரின் குணம் பற்றியதன்று. இவ்வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது.

கலங்கிய நீரைத் தெளிவிக்கும் முறையும் சங்க காலத்தார் அறிந்திருந்தனர். கலித்தொகையின் நெய்தற்கலியில், காதலன் பிரிவால் கலங்கி அவன் வரவால் தெளிந்த தலைவியின் நிலைக்கு, இல்லத்தின் விதையால் தெளிந்த நீர் உவமையாக வருகின்றது. இல்லம் என்பது தேற்றா மரம். அதன் விதையாகிய தேற்றாங்கொட்டையைக் கலத்தின் உட்புறத்தில் உரைத்து நீரை ஊற்றி வைப்பின், கலங்கலாய் மிதக்கும் நுண்மண் துகள்கள் ஒன்றோடொன்று பற்றித் திரண்டு அடியிற் படியும். தேறு என்னும் வினையடியும் தேற்று என்னும் பிறவினையும், நீர் தெளிதலையும் மனம் தெளிதலையும் ஒருங்கே குறித்தல் நோக்கத்தக்கது. மரத்தின் பெயரே அதன் தொழிலை உணர்த்துமாறு அமைந்தது இம்மொழியின் வளம்.

மருத்துவ நூல்களும் நீரை வகைப்படுத்தின. பதார்த்த குண சிந்தாமணி ஆறு, குளம், ஏரி, கிணறு, சுனை முதலியவற்றின் நீர்க்குத் தனித்தனியே குணம் கூறுவதோடு, வெந்நீர் எத்துணைப் பங்கு சுண்டக் காய்ச்சப்படல் வேண்டும் என்பதையும் ஆராய்கின்றது. திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றினைக் குறிக்கின்றது. ஏலமும் இலாமிச்சை வேரும் இட்டு மணமூட்டிய குடிநீர்க்கும் அக்கல்வெட்டில் நிவந்தம் உண்டு. நிறத்தால் தெளிவு, மணத்தால் இனிமை, சுவையால் நன்மை எனப் புலன்கள் காட்டும் குறிகளைக் கொண்டே அக்காலத்தார் நீரை மதிப்பிட்டனர் என்பது இவற்றால் போதரும்.

இச்சான்றுகளைக் கொண்டு, நுண்ணுயிர்க் கொள்கையை முன்னோர் முன்னரே அறிந்திருந்தனர் எனச் சிலர் எழுதுவர். அது பொருந்தாது. தேற்றாங்கொட்டை கலங்கலைப் போக்கும். படியும் துகள்களோடு கிருமிகளில் ஒரு பகுதியும் படியும். எஞ்சியவை நீரிலேயே நிற்கும். காய்ச்சுதல் கிருமிகளை அழிக்கும். ஆயின் நூல்கள் அதனைக் கூறியது வாத பித்த கபம் பற்றியும் செரிமானம் பற்றியுமே. செப்புக் கலத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிதலை 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஒரு வழக்கம் பயன் தந்தது என்பது வேறு. அப்பயனின் காரணத்தை அறிந்து அதனைச் செய்தனர் என்பது வேறு. இவ்விரண்டனையும் பிரித்துரைத்தலே ஆராய்ச்சியாளர் கடன். முன்னோர்க்கு இல்லாத அறிவை ஏற்றிக் கூறுதல், அவர்கட்கு உண்மையாகவே இருந்த அறிவை மதியாமையே ஆகும்.

2. தீட்டு

தெளிவினும் வேறான பிறிதொரு தூய்மையும் நம் நாட்டில் வேரூன்றியிருந்தது. நீரில் என்ன கலந்துள்ளது என்று நோக்காது, அதனை மொண்டவர் யாவர் என்று நோக்கும் தூய்மை அது. ஊருணி ஊரார் அனைவர்க்கும் உரியது என்பது சொல்லின் பொருள், வழக்கமோ அவ்வாறில்லை. சேரி மக்கள் பொதுக் கிணற்றில் நீர் மொள்ளத் தடுக்கப்பட்டுத் தொலைவில் உள்ள குட்டைகளையே நாடினர். 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் தீர்மானத்தின் வழியே, பொதுக் கிணறு, குளம், வழி ஆகியன எல்லார்க்கும் உரியன என அரசு ஆணை பிறந்தது. தீர்மானம் வேண்டப்பட்டமையே அந்நாளைய நிலையைக் காட்டும்.

தீட்டு என்னும் கருத்தும் மாசு என்னும் கருத்தும் எத்துணைத் தொலைவு விலகி நிற்பன என்பதற்கு மகாராட்டிரத்து மகாடு நிகழ்ச்சி சான்றாகும். 1927 மார்ச்சு 20ஆம் நாள் அம்பேத்கரும் அவர்தம் மக்களும் சௌதார் குளத்து நீரைப் பருகினர். பின்னர் அக்குளத்தைத் தூய்மை செய்கின்றோம் என்று சொல்லிச் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களை அதனுட் சொரிந்தனர் பிறர். சடங்கு நோக்கில் அது தூய்மை. நீரியல் நோக்கிலோ மலமாசு சேர்த்தல். ஒரே செயல் ஒரு பொருளில் தூய்மையாகவும் மற்றொரு பொருளில் மாசாகவும் நிற்றலை இதனினும் விளக்கமாகக் காட்டுதல் அரிது.

இஃது என்றோ கழிந்த செய்தி என்று அமைய இயலாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிடர் குடியிருப்பின் மேல்நிலை நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. நோய்க்கிருமி குலம் நோக்குவதில்லை. அதனைக் கொல்லும் மருந்தும் நோக்குவதில்லை. குலம் நோக்குவோர் மாந்தரே. குடிநீர் வரலாற்றை எழுதுவார் இப்பகுதியை ஒதுக்கிவிட்டுப் பொறியியற் செய்தி மட்டும் கூறின், அவ்வரலாறு நிறைவுறாது.

3. கண்ணுக்குப் புலனாகாத மாசு

தெளிந்த நீரும் கொல்லும் என்னும் உண்மையை உலகிற்கு உணர்த்தியது வாந்திபேதி எனப்படும் காலரா. 1854ஆம் ஆண்டில் இலண்டன் பிராடு தெருவில் அந்நோய் பரவியபோது, ஜான் சினோ என்னும் மருத்துவர் இறந்தோர் வீடுகளைக் கணக்கிட்டு, ஒரு தெருக்குழாயின் நீரே காரணம் எனத் துணிந்தார். 1884ஆம் ஆண்டில் இராபர்ட்டு காக்கு கல்கத்தாவில் தங்கி ஆய்ந்து, நோயாளர் குடலிலும் அவர்கள் பயன்படுத்திய குளத்து நீரிலும் ஒரே வகைக் கிருமியைக் கண்டார். மாசு என்பது கண்ணால் காணப்படுவது என்ற நெடுநாளைய கொள்கை இவற்றால் தகர்ந்தது.

இந்தியாவில் இவ்வறிவு முதற்கண் படைவீடுகளையே அடைந்தது. போரில் மாண்டவரினும் நோயால் மாண்டவர் மிகுதி என்பதனால் இந்தியப் படையின் சுகாதார நிலையை ஆராய அமைந்த அரசாணைக் குழு 1863ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் அதன்பொருட்டு எழுதிய குறிப்புகளில் படைவீடுகளின் நீர்நிலை குறித்துக் கடுமையாக உரைத்தார். 1864ஆம் ஆண்டில் சென்னை உள்ளிட்ட மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் தோன்றின. பூந்தமல்லி போன்ற படைத்தங்கல்களின் நீர் பற்றி அரசு கருதத் தொடங்கிய காலம் இதுவே. சுற்றியிருந்த ஊர்மக்களின் கிணறுகள் அவ்வக்கறையைப் பெறுதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

சென்னை நகரின் நீர்வரலாறும் இவ்வாறே கோட்டையில் தொடங்கி ஊர்க்கு வந்தது. 1772ஆம் ஆண்டில் தளபதி பேக்கர் வகுத்த ஏழு கிணறு, புனித ஜார்ஜ் கோட்டைக்கு நீர் வழங்கியது. 1866ஆம் ஆண்டில் பொதுப்பணித் துறைப் பொறியாளர் பிரேசர், கொற்றலையாற்றின் நீரைத் தாமரைப்பாக்கத்தில் மறித்துச் சோழவரம், செங்குன்றம் ஏரிகளின் வழியே நகர்க்குக் கொணரும் திட்டத்தை முன்மொழிந்தார். 1872ஆம் ஆண்டு முதல் செங்குன்றத்து நீர் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்தடைந்தது. வந்த நீர் வடிகட்டப்படாமலே வழங்கப்பட்டது. 1914ஆம் ஆண்டில்தான் கீழ்ப்பாக்கத்தில் மென்மணல் வடிகட்டிகளும் நீரேற்று நிலையமும் நிலத்தடித் தொட்டிகளும் அமைந்தன.

மென்மணல் வடிகட்டியின் இயக்கம் அறியத்தக்கது. நீர் மணற் படுகையின் வழியே மெல்லக் கீழிறங்கும். சில நாளில் மணலின் மேற்பரப்பில் பாசியும் நுண்ணுயிர்களும் கலந்த வழுவழுப்பான படலம் ஒன்று படரும். கிருமிகளைத் தடுத்து உண்பது பெரும்பாலும் அப்படலமே. மணல் அதனைத் தாங்கும் தளமேயாகும். நன்கு நடைபெறும் வடிகட்டி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு கிருமிகளை நீக்கும். எஞ்சிய ஒரு பங்கு சிறிதெனத் தோன்றலாம். மாசு மிகுந்த நீரில் அவ்வொரு பங்கே நோய் விளைக்கப் போதும். வடிகட்டலுக்குப் பின்னரும் ஒரு படி வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கிணறுகட்கு முதலில் கைக்கொண்ட மருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு. ஆக்ராவில் பணியாற்றிய எர்னெஸ்டு ஹாங்கின் 1890களில் காலராக் காலத்தில் நீர் இளஞ்சிவப்பு நிறம் பெறுமளவு அதனைக் கிணற்றில் இடும் முறையைப் பரப்பினார். அது காலராக் கிருமியை ஒருவாறு அடக்கினும் ஏனைய கிருமிகளிடத்துப் பெரும்பயன் விளைக்காமையின் பிற்காலத்தார் அதனைக் கைவிட்டனர். அதன் இடத்தை வெளுக்கும் தூள், அஃதாவது பிளீச்சிங் பவுடர் பெற்றது.

4. குளோரின்

இங்கிலாந்தில் மெயிட்ஸ்டோன் என்னும் ஊரில் 1897ஆம் ஆண்டில் குடற்காய்ச்சல் பரவியபோது நீர்க்குழாய்களை வெளுக்கும் தூள் கொண்டு தூய்மை செய்தனர். 1905ஆம் ஆண்டில் லிங்கன் நகரில் அலெக்சாண்டர் ஹூஸ்டன் நகர் முழுமைக்கும் உரிய நீரில் குளோரின் மருந்தைத் தொடர்ந்து சேர்த்தார். 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் அதனை நிலையான முறையாக்கிற்று. முதல் உலகப் போரில் ஹாராக்சு என்னும் படைமருத்துவர், எத்துணை மருந்து வேண்டும் என்று களத்திலேயே அறியும் பெட்டி ஒன்றினை வகுத்தார். அதில் வெண்ணிறக் கோப்பைகள் ஆறு இருக்கும். ஆய்தற்குரிய நீரை அவற்றில் நிரப்பி வெளுக்கும் தூள் கரைசலை ஒன்றினும் ஒன்று மிகுதியாக விட்டு, அரைமணி கழித்து மாப்பொருள் கலந்த குறிமருந்தைச் சேர்ப்பர். முதலில் நீலநிறம் காட்டும் கோப்பையின் எண்ணை இரண்டால் பெருக்கினால், 455 லிட்டர் நீர்க்கு வேண்டிய கிராம் அளவு கிடைக்கும்.

இக்கணக்கின் உட்பொருள் ஒன்றுண்டு. குளோரின் நீரிற் சேர்ந்தவுடன் முதலில் அங்குள்ள கரிமப் பொருள், அம்மோனியா, இரும்பு முதலியவற்றோடு வினைபட்டுச் செலவாகும். இச்செலவைக் குளோரின் தேவை என்பர். தேவை தீர்ந்த பின் எஞ்சுவதே கிருமிகளிடத்துத் தடையின்றித் தொழிற்படும். நீர் கலங்கியிருப்பின் தேவை மிகும். அன்றியும் துகள்களுள் ஒளிந்த கிருமியை மருந்து எட்டாது. ஆகவே, முதலில் தெளிவித்தல், பின்னர்க் கிருமி நீக்கல் என்னும் முறை மாற்ற இயலாதது. தேற்றாங்கொட்டையின் இடம் இங்கே நன்கு புலப்படும். நீர்நிலையங்களில் இன்று படிகாரம் செய்யும் தொழில், கலித்தொகை கூறும் விதை செய்த தொழிலே. படிகாரம் இட்டுத் திரட்டல், படியவிடல், மணலில் வடித்தல் ஆகிய மூன்றும் தெளிவின் பகுதி; குளோரின் இடல் ஒன்றே கிருமி நீக்கத்தின் பகுதி. முன்னையது பின்னையதற்கு வாயில்; அதற்கு மாற்று அன்று.

நீரிற் கரைந்த குளோரின் ஐப்போகுளோரசு அமிலமாக நின்று கிருமியின் உடற்சுவரைக் கடந்து அதனை அழிக்கும். நீரின் காரத்தன்மை மிகுந்தால் அவ்வமிலம் வலிகுன்றிய வடிவாக மாறும். மருந்து தன் தொழில் செய்யக் குறைந்தது அரைமணி முதல் ஒருமணி வரை நேரம் வேண்டும். ஒருமணி கழித்து லிட்டர் ஒன்றுக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சி நின்றால் அளவு போதியது என்பது பொது விதி. நுகர்வோர் குழாயில் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருத்தல் வேண்டும் என்றும், நீரின் 100 மில்லிலிட்டரில் மலக்கிருமி ஒன்றும் இருத்தல் ஆகாது என்றும் 2012ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை கூறுகின்றது.

எஞ்சு குளோரின் என்னும் இக்கருத்தே குடிநீர் வரலாற்றில் புதியது என நாம் கருதுகின்றோம். காய்ச்சிய நீர் அப்பொழுதைக்குத் தூயது. குவளையொடு கைவிரல் அதனுள் தோய்ந்தால் மீண்டும் மாசுபடும். அதனைத் தடுக்கும் ஆற்றல் காய்ச்சிய நீரிடம் இல்லை. எஞ்சு குளோரினோ நீரோடு உடன்சென்று குழாயிலும் தொட்டியிலும் குடத்திலும் காவல் நிற்கின்றது. நாள் முழுதும் நீர் ஓடாத குழாய்களில், ஓட்டம் நின்றபோது உள்ளழுத்தம் குன்றி, விரிசல் வழியே கழிவுநீர் உட்புகும். முறைவைத்து நீர் பெறும் நம் நகர்களுக்கு இக்காவல் இன்றியமையாதது.

குளோரினுக்கும் எல்லை உண்டு. சில ஒட்டுயிரிகளின் உறையை அஃது எளிதில் ஊடுருவாது. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அத்தகைய உயிரியொன்று குடிநீர் வழிப் பரவி நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோரை நோய்ப்படுத்திற்று. கரிமப் பொருள் மிகுந்த நீரில் குளோரின் சேர்ந்தால் வேண்டாத கூட்டுப்பொருள்கள் தோன்றும் என்பதும் 1974ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டதே. இவை குளோரினைக் கைவிடுதற்குரிய காரணங்கள் அல்ல. முன்னுள்ள தெளிவித்தலைச் செவ்வனே செய்தற்குரிய காரணங்கள்.

5. கிணறும் பானையும்

பூந்தமல்லி வட்டாரத்து வீட்டுக் கிணறு ஒன்றினை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்களவு 2 மீட்டர், நீரின் ஆழம் 5 மீட்டர் எனின், நீரின் அளவு ஏறத்தாழ 15,700 லிட்டர். ஆயிரம் லிட்டர்க்கு 2.5 கிராம் நல்ல வெளுக்கும் தூள் என்னும் விதிப்படி இக்கிணற்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 40 கிராம். தூளை வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பின் நீர் நிரப்பிக் கலக்கி, ஐந்து முதல் பத்து மணித்துளி வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேல் நின்ற தெளிந்த கரைசலை மட்டும் வேறு வாளியில் வடித்துக் கயிற்றால் கிணற்றுள் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலத்தல் வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் நீரின் கடினத்தன்மை மிகும். ஒருமணி நேரம் கழித்தே நீர் இறைக்கலாம். மருந்தை இரவில் இட்டுக் காலையில் இறைத்தல் வசதியானது.

நாள்தோறும் இதனைச் செய்தல் அரிதாதலின், நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழற் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இரட்டைப் பானை முறையை வகுத்தனர். ஒரு கிலோ வெளுக்கும் தூளும் இரண்டு கிலோ பருமணலும் ஈரமாகக் கலந்து உட்பானையில் இடுவர். அதன் மேற்பகுதியில் ஒரு சென்டிமீட்டர்த் துளை உண்டு. அதனை வெளிப்பானையுள் வைத்து, அப்பானையின் அடிக்கு மேலே நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் துளையிட்டு, வாயைக் கட்டிக் கிணற்று நீருள் தொங்கவிடுவர். 4,500 லிட்டர் நீர் கொண்டு, நாளொன்றுக்கு 360 முதல் 450 லிட்டர் வரை இறைக்கப்படும் சிறு கிணற்றுக்கு இது இரண்டு, மூன்று வாரம் வரும். வேட்கோவர் வனைந்த மட்பானை ஒரு காலத்தில் நீரைத் தேற்றும் கலமாக இருந்தது. இங்கே அதுவே கிருமியை நீக்கும் கருவியாகவும் ஆயிற்று.

6. அண்மைக் காலம்

1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் குடிநீர் வழங்கலை உள்ளாட்சியின் கடன்களுள் ஒன்றாக வைத்தது. 1944ஆம் ஆண்டில் பூண்டி நீர்த்தேக்கம் நிறைவுற்றது. செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் நீரைத் தூய்மை செய்யும் நிலையம் 2007ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. இங்ஙனம் ஏற்பாடுகள் பெருகினும் விழிப்பு தளரலாகாது என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்று.

ஒன்று, 1992ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் முதலில் கண்டறியப்பட்ட புதிய காலரா வகை. எண் 139 பெற்ற அக்கிருமி விரைவில் கல்கத்தாவையும் வங்காள தேசத்தையும் அடைந்தது. பழைய வகையால் நோயுற்றுத் தடுப்பாற்றல் பெற்றோரையும் அது தாக்கியது. கிருமி வேடம் மாறினும் குளோரினுக்கு அது பணிந்தே தீரும். மற்றொன்று, 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருவெள்ளம். செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. வெள்ளம் வடிந்த பின் கிணறும் கீழ்நிலைத் தொட்டியும் கழிவுநீர் கலந்து கிடந்தன. அந்நாளில் வெளுக்கும் தூளும் குளோரின் மாத்திரையுமே வீடுதோறும் வேண்டப்பட்ட மருந்துகள். சில நாளில் மண் படிந்து கிணற்று நீர் தெளிந்தது. தெளிந்தது கண்டு பருகலாம் என எண்ணுதலே அந்நிலையில் பேரிடர்.

7. சொல்லாராய்ச்சி

கிருமி என்னும் சொல் வடமொழியிலிருந்து வந்தது. அதன் பழம்பொருள் புழு. திருக்கச்சி நம்பிகளின் மாணவராகிய இராமானுசர்க்கு இடர் விளைத்த சோழனை வைணவ மரபு கிருமிகண்டன் என்று இகழும். கழுத்தில் புழு உற்றவன் என்பது அதன் பொருள். கண்ணால் காணப்படும் புழுவைக் குறித்த அச்சொல்லே பின்னர்க் கண்ணுக்குப் புலனாகாத உயிரைக் குறிக்கலாயிற்று. பழைய பொருள் முற்றும் மறையவில்லை. நீரில் புழு இல்லை, ஆகவே கிருமி இல்லை எனக் கூறுவாரை நாம் இன்றும் கேட்கின்றோம். அவர்தம் பிழை அறியாமையினும் சொல்லின் பழம்பொருள் வழிப்பட்டது எனலே பொருந்தும்.

சுத்திகரிப்பு என்னும் சொல்லும் இத்தகைய மயக்கமுடையது. வடித்தலும் சுத்திகரிப்பு, உப்பு நீக்கலும் சுத்திகரிப்பு, குளோரின் இடலும் சுத்திகரிப்பு, சடங்கும் சுத்திகரிப்பு. பாடநூல் எழுதுவோர் தெளிவித்தல், வடித்தல், நோய்க்கிருமி நீக்கம் என்று தனித்தனியே வழங்குதல் நன்று. எல்லா நுண்ணுயிரையும் ஒழித்தல் முற்றக் கிருமி நீக்கல். நோய் விளைப்பனவற்றை மட்டும் நீக்குதல் நோய்க்கிருமி நீக்கம். குடிநீர்க்கு வேண்டுவது பின்னையதே. இவ்வேறுபாடு மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. கலைச்சொல் ஆக்கும் தமிழாசிரியர்க்கும் உரியது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படும். தமிழர் உண்ணும் நீரைத் தனியே போற்றினர்; கலங்கலைத் தெளிவிக்க அறிந்தனர்; கிருமியை அறியவில்லை. தீட்டு என்னும் கருத்து நீரின் தூய்மையோடு தொடர்பற்றது. பல இடங்களில் அதற்குப் பகையாகவும் நின்றது. 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய நுண்ணுயிர் அறிவு தெளிவையும் தூய்மையையும் பிரித்தது. 20ஆம் நூற்றாண்டின் குளோரின் முறை அவ்விரண்டனையும் வரிசைப்படுத்தி இணைத்தது.

திருமுக்கூடல் ஆதுலர்சாலையில் நோயுற்றோர் பருகிய நீர் ஏலம் மணந்தது. இன்று குழாய் நீரில் குளோரின் மெல்ல மணக்கின்றது. முன்னையது இன்பத்தின் குறி; பின்னையது காவலின் குறி. அம்மணம் கண்டு முகம் சுளித்து, தெளிந்து தோன்றும் கிணற்று நீரை நாடும் வீடுகள் இவ்வட்டாரத்தில் பல. அவ்வீட்டார்க்குத் தெளிவு வேறு, தூய்மை வேறு என்று அவர்தம் மொழியிலேயே எடுத்துரைக்கும் கடன் நம்மை விட்டு நீங்குவதன்று.